வெள்ளைக்கட்டை மட்டும்

ஊசியக்காவுக்குப் பொறாமை என்று அந்தக் கத்தோலிக்கப் பங்கு மக்களில் பாதிப்பேர் முடிவுகட்டிவிட்டார்கள். மீதிப்பேர் மறுக்கவில்லை. பாடகர் குழுவை நெடுங்காலம் நடத்திவந்த மாஸ்டர், முழங்கால் வலி தாங்காமல் வெளியூரில் இருக்கும் மகன் வீட்டோடு போய்விட்டார். அவர் போனதிலிருந்து, கீபோர்டு வாசிக்கும் ஊசியக்காதான் குழுவையும் சேர்த்து மேய்த்துக்கொண்டிருந்தாள். இப்போது பங்குத்தந்தை வெளியிலிருந்து ஒரு புதிய இசைப் பொறுப்பாளரைக் கொண்டுவருகிறார். நியாயமாகப் பார்த்தால் ஊசியக்காவுக்கு வயிறு எரிந்திருக்க வேண்டும். உண்மையில் அவளுக்கு அந்தப் பொறுப்பு வேண்டவே வேண்டாம். யார் நேரத்துக்கு வரவில்லை, யார் யாரோடு பேசுவதில்லை என்று பார்த்துக்கொண்டிருப்பதைவிட நிம்மதியாக வாசித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அவளுக்குப் பயம் இருந்தது, ஆனால் அதற்குக் காரணம் வேறு.

ஊசியக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. காலையில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைக் கட்டி, ரத்தம் எடுத்து, குப்பியில் பெயர் ஒட்டி உள்ளே அனுப்ப வேண்டும். சதை போட்ட கையோ வற்றிய கையோ, நரம்பை விரல் நுனியால் தடவிக் கண்டுபிடித்து ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். மறைக்கல்வி வகுப்புப் பிள்ளை ஒன்று அவளிடம் குத்து வாங்கிக்கொண்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவளைக் கை நீட்டிக் காட்டியது. அன்றிலிருந்து ஊசியக்காதான். பங்குத்தந்தையே ஒருமுறை ஒலிபெருக்கியில் அப்படிச் சொல்லிவிட்டு, அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தார்.

அவளுக்குப் பாட வராது. சின்ன வயதில் சிறுவர் குழுவில் சேர்ந்தபோது, பின்னால் நின்ற ஒரு பெரியம்மா குனிந்து காதோடு சொன்னார். "நீ வாயை மட்டும் அசைம்மா. சத்தம் வேண்டாம்." அவளும் வாயை மட்டும் அசைத்தாள். வருஷக்கணக்கில் அசைத்தாள். பாட்டு உள்ளே முழுசாக ஓடும், வெளியே ஒரு சொட்டு வராது. அந்த வயதில் அது எப்படிப்பட்ட அவமானம் என்று சொன்னவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நல்லது சொன்னதாகத்தான் நினைத்திருப்பார்.

பிறகு கோயிலுக்கு முதல் கீபோர்டு வந்தது. பழைய ஆர்மோனியக்காரர் அந்தப் புது வாத்தியத்தைத் தொடமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு போய்விட்டார். ஞாயிறு நெருங்கிவிட்டது. மாஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். சும்மா வாயசைத்துக்கொண்டு நின்ற பெண்தான் கண்ணில் பட்டாள். "நீ உக்காரு. வெள்ளைக்கட்டை மட்டும் சொல்லித் தர்றேன், இந்த வாரத்தை ஒப்பேத்திடலாம். கறுப்பை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். அவள் உட்கார்ந்தாள். விரல் பட்ட இடத்தில் சத்தம் வந்தது, அதுவும் சரியான சத்தம். மனசுக்குள் ஓடிய பாட்டு முதல்முறையாக ஊருக்குக் கேட்டது. அன்றைக்கு ஸ்டூலில் உட்கார்ந்தவள்தான், முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் எழுந்திருக்கவில்லை.

கறுப்புக்கட்டையை அப்புறம் பார்க்கவும் இல்லை. பார்க்க வேண்டிய தேவையே வராமல் போய்விட்டது. அந்த கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் என்று ஒரு பொத்தான் இருந்தது. ஒருமுறை அழுத்தினால் மொத்த வாத்தியத்தின் சுருதியும் அரைப்படி ஏறும், பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் அரைப்படி இறங்கும். வாசிக்கிறவள் விரல் அதே வெள்ளைக்கட்டைகள்மேல்தான் ஓடும், சத்தம் மட்டும் பாடுகிறவர்களின் தொண்டைக்குத் தகுந்தபடி மேலேயோ கீழேயோ வரும். இப்படி ஒரு வசதியைக் கொடுத்துவிட்டுக் கறுப்புக்கட்டையைக் கற்றுக்கொள் என்றால் யார் கற்றுக்கொள்வார்கள்? கோயிலில் கீபோர்டு மாறும்போதெல்லாம் கடைக்குக் கூடப் போவாள். மற்றவர்கள் விலையையும் கம்பெனியையும் பார்ப்பார்கள். ஊசியக்கா அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு, "நல்லாயிருக்கு, எடுத்துக்கலாம்" என்பாள்.

குழுவின் பாஷையும் அதற்கேற்றபடி ஆகிவிட்டது. வருகைப் பாடல் ப்ளஸ் மூணு, அதாவது மூன்று அழுத்து மேலே. காணிக்கைப் பாடல் ப்ளஸ் அஞ்சு. திருவிருந்துப் பாடல் மைனஸ் நாலு, அதாவது நாலு அழுத்து கீழே. வேறு பங்கிலிருந்து ஒரு திருமணத்துக்கு வாசிக்க வந்த வயலின்காரர், "இது என்ன ஸ்கேல்?" என்று கேட்டபோது, குழு ஒரே குரலில் "மைனஸ் நாலு" என்றது. அவர் கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்துக் கோபித்துக்கொண்டார்.

புதிய பொறுப்பாளர் ஒரு பள்ளியில் இசை ஆசிரியை. எல்லாரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். குள்ளமான உருவம், வேக நடை, முறைப்படி படித்துப் பட்டம் வாங்கியவர். பொறுப்பு ஏற்பதற்கு முன் ஒரு நாள் சாயங்காலம் பயிற்சியைப் பார்க்க வந்தார். பின்வரிசை நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து எல்லாப் பாட்டையும் கேட்டார். ஆண்கள் வரிசைக்குத் தலைவர் மாதிரி இருக்கும் டெய்லர் வழக்கம்போலத் தாளத்தை இழுத்தார். பெண்கள் வரிசையில், சலவைக்கடை நடத்தும் வெண்கலம் பாடினாள். அவள் குரலுக்காக வந்த பட்டப்பெயர் அது. மைக் கெட்டுப்போன நாட்களில் கோயிலுக்கு மைக்கே அவள்தான்.

"ரொம்ப ஒத்துமையாப் பாடுறீங்க" என்றார் டீச்சர். "இப்படி ஒரு குழு கிடைக்கிறது கஷ்டம்."

எல்லாருக்கும் மனசு குளிர்ந்துபோயிற்று. அந்த நேரம் பார்த்துப் பங்குத்தந்தை உள்ளே வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் நல்ல செய்தியைக் கொஞ்ச நேரம்கூட மூடிவைக்கத் தெரியாது. வீடு மாறிப்போகிற ஒரு குடும்பம் தங்கள் பியானோவைக் கோயிலுக்குக் கொடுக்கிறது என்றார். மரத்தில் செய்த நிஜ பியானோ. டீச்சரை வரவேற்கிற ஞாயிற்றுக்கிழமையே அதை வாசித்துத் தொடங்கிவிடலாம். கீபோர்டைச் சிறுவர் குழுவுக்குக் கொடுத்துவிடலாம், பிள்ளைகள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

குழு கைதட்டியது. ஊசியக்காவின் வாய் தன்னாலே கேட்டுவிட்டது. "ஃபாதர், அதுல ட்ரான்ஸ்போஸ் இருக்குமா?"

மரப் பியானோவில் பொத்தான் ஏது? டெய்லர் தொடையில் தட்டிச் சிரித்தார். வெண்கலம் சிரித்தாள். மொத்தக் குழுவும் விழுந்து விழுந்து சிரித்தது. ஃபாதருக்கு எதற்கென்று புரியாவிட்டாலும் கூடச் சிரித்தார். டீச்சரும் சிரித்துக்கொண்டே, "அக்கா நல்லா தமாஷ் பண்றாங்க" என்றார். ஊசியக்காவும் சிரித்தாள். அதற்குமேல் அது தமாஷ் இல்லை என்று எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவர் அவர். யாரோ கொடுத்த ஒரு பெட்டியின் மோட்டாரைக் கூடத்தில் பிரித்துப் பரப்பி வைத்திருந்தார். மனைவியின் ரகசியம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான், அதாவது அப்படித்தான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மாகிட்ட நேரா சொல்லிடு" என்றார்.

"என்னன்னு? இத்தனை வருஷம் ஊரை ஏமாத்தினேன்னா?"

"ஏமாத்தினது எங்க? ஒரே ஸ்பேனரை வச்சுக்கிட்டு முப்பது வருஷம் கடை நடத்தியிருக்கே. எனக்கெல்லாம் ஒரு நாளே ஓடாது."

"விளையாடாதீங்க. அவங்க படிச்சு வந்தவங்க. பியானோ வாசிக்கத் தெரியாதவளை எதுக்கு ஸ்டூல்ல வச்சிருக்கணும்? அவங்களே உக்காந்துடுவாங்க. அதுதான் முறையும்கூட."

"அப்ப நீ கூட நின்னு பாடு."

அவர் யோசிக்காமல்தான் சொன்னார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு மோட்டாரின் பக்கம் குனிந்துகொண்டார். அந்த ஸ்டூலை விட்டால் அவளுக்குக் கோயிலில் எங்கும் குரல் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் பாடக் கேட்டுவிட்டு வரலாம். நிறையப்பேர் அப்படித்தான் வருகிறார்கள், யாரும் செத்துப்போய்விடவில்லை. ஆனால் அவளுக்கு அது முடியாது, அவ்வளவுதான்.

பியானோ வந்து இறங்கியது. பீடத்துக்கு இடப்பக்கம், பாடகர் குழு நிற்கும் மூலையில் சுவரோடு சுவராக வைத்தார்கள். மறுநாள் முதல் ஊசியக்கா மதிய இடைவேளையில் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமல் கோயிலுக்கு ஓடினாள். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை மெழுகுவர்த்தித் தண்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழாமல் மெல்ல வாசிக்கலாம் என்று பார்த்தாள். பியானோவோ சொல்பேச்சுக் கேட்கிற ஜாதி இல்லை. சத்தத்தைக் குறைக்க அதில் குமிழ் கிடையாது.

வாசிக்க வேண்டிய வரிசைப்படியே தொடங்கினாள். முதலில் ப்ளஸ் மூணு. எண்ணிப் பார்த்துத் தொடங்குகிற கட்டையைக் கண்டுபிடித்தால் அதுவே கறுப்பாக இருந்தது. பாட்டு ஓட ஓட இன்னும் இரண்டு கறுப்பு குறுக்கே வந்தது. காணிக்கைப் பாடல் பெரிது, அதை அப்புறம் பார்க்கலாம் என்று தாண்டி மைனஸ் நாலுக்குப் போனாள். அதில் நான்கு கறுப்பு. கண்ணுக்குத் தெரியாத நரம்பைத் தோலுக்கு அடியில் கண்டுபிடிக்கிற விரல்கள், கண்ணெதிரே கன்னங்கரேலென்று நிற்கும் கட்டையைத் தேடித் தடுமாறின. ஒவ்வொரு நாளும் அந்த இரண்டு பாட்டோடு இடைவேளை தீர்ந்துவிடும். அதற்கு அப்பால் இருந்த பாட்டுகளை அவள் தொட்டுப் பார்க்கவே இல்லை. வெள்ளிக்கிழமையோடு கைவிட்டுவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில்தான் டீச்சர் பரிசோதனை நிலையத்துக்கு வந்தார். பள்ளியில் எல்லா ஆசிரியர்களையும் ரத்தம் பார்த்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்களாம். நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஊசின்னா பயமா டீச்சர்?"

"ரொம்ப. நீங்க ஒரே குத்துல எடுத்துடுவீங்கன்னு டெய்லர் சொன்னார். அதை நம்பித்தான் வந்தேன்."

"எடுத்தாச்சு. பஞ்சை அழுத்திப் பிடிங்க."

டீச்சர் திரும்பிப் பார்த்து மூச்சு விட்டார். பஞ்சை அழுத்திக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். வரிசையில் அடுத்த ஆள் செருமினார்.

"ஞாயித்துக்கிழமையை நினைச்சா இதைவிடப் பயமா இருக்கு அக்கா" என்றார். "போன பங்குல நான் பொறுப்பு எடுத்த அன்னைக்கே கிட்டார்காரர் நின்னுட்டார். அவருக்குப் பின்னாடி ரெண்டு மூணு பேர். நான் யாரையும் ஒண்ணும் சொல்லல. ஆனாலும் என்னாலதான் போனாங்கன்னு ஆச்சு."

இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. டீச்சர், உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும் என்று ஆரம்பித்தால் போதும். ஊசியக்கா வாயைத் திறந்தாள். "எங்க பங்குல அப்படியெல்லாம் ஆகாது டீச்சர்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். சொல்ல வந்ததை மென்று விழுங்கியாயிற்று. அன்று முழுக்கத் தன்மேலேயே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

வரவேற்பு ஞாயிறன்று டீச்சர் விருந்தாளி மாதிரி முன்பெஞ்சில் உட்காருவார், திருப்பலியின் முடிவில்தான் பொறுப்பை ஏற்பார் என்று ஏற்பாடு. அதுவரை பாட்டுத் தேர்வு ஊசியக்காவின் கையில். அதில்தான் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. பயத்தில் வருகிற யோசனை எல்லாம் அப்போதைக்குப் பிரமாதமாகத்தான் தெரியும். எல்லாப் பாட்டையும் பொத்தானைத் தொடாத இடத்தில், அதாவது வெள்ளைக்கட்டை மட்டும் போதுமான சி ஸ்கேலில், பாடிவிட வேண்டியதுதான். சனிக்கிழமைப் பயிற்சியில் டீச்சர் இல்லை, பள்ளியில் விழா. ஊசியக்கா பியானோவின் முன் உட்கார்ந்து, குழுவைப் பார்க்காமல் சொன்னாள்.

"நாளைக்கு எல்லாமே ஸீரோவுல பாடலாம். பியானோவுக்கு அதுதான் எடுப்பா இருக்கும்."

சண்டை வரும் என்று தயாராக இருந்தாள். ஒரு பாட்டை அரைப்படி மாற்றினாலே டெய்லர் நீதிமன்றத்துக்குப் போகிற ஆள். வெண்கலத்தைக் கேட்கவே வேண்டாம். ஆனால் டெய்லர் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தார். வெண்கலம் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். பிறகு அவள், "சரிக்கா. பாடிப் பாப்போம்" என்றாள்.

பாடிப் பார்த்தார்கள். காணிக்கைப் பாடலில் பெண்கள் குரல் கிணற்றுக்குள் இறங்கி உறுமியது. திருவிருந்துப் பாடலில் ஆண்கள் குதிகாலைத் தூக்கிக்கொண்டு பாடினார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புது வாத்தியத்தின் மிரட்சி போலிருக்கிறது, தப்பித்தோம் என்று ஊசியக்கா நினைத்துக்கொண்டாள். ஆபத்தில் இருக்கிறவளுக்குத் தன் ஆபத்து மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

ஞாயிறு வந்தது. கோயில் நிறைந்திருந்தது. புதுப் பியானோவைப் பார்க்கவே பாதிக் கூட்டம். டீச்சர் முன்பெஞ்சில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். வருகைப் பாடல் மந்தமாகப் போனது, ஆனால் ஒப்பேறிவிட்டது. காணிக்கைப் பாடல் தொடங்கியதும் மக்களும் சேர்ந்து பாட முயன்று, பாட்டு எங்கே இருக்கிறதென்று தெரியாமல் ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். டீச்சர் தலையைச் சற்றே சாய்த்தார்.

திருவிருந்துப் பாடலில்தான் விபத்து நடந்தது. அந்தப் பாட்டின் சரணத்தில் உச்சிக்குப் போகிற ஓர் அடி உண்டு, அதை வெண்கலம் மட்டும் தனியாகப் பாடுவாள். அவள் கழுத்து நரம்பு புடைக்க ஏறினாள். உச்சியில் குரல் இரண்டாகக் கிழிந்தது. கீச்சென்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. நற்கருணை வாங்க வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாலிபப் பசங்கள் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இருபது வருஷமாக அந்தக் கோயிலில் ஒரு முறைகூடப் பிசகாத குரல். வெண்கலம் குனிந்துகொண்டாள், அடுத்த அடியைப் பாடத்தான் செய்தாள். ஊசியக்கா நிறுத்தாமல் வாசித்தாள். தன் ஸ்டூலைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொருத்தியின் தொண்டையை விலையாகக் கொடுத்துவிட்டோம் என்று தெரிந்துபோயிற்று.

நன்றி மன்றாட்டு முடிந்ததும் ஃபாதர் வரவேற்பைத் தொடங்கினார். ஊசியக்கா எழுந்துபோய் மைக்கின் முன்னால் நின்று, மனப்பாடம் செய்த நாலு வாக்கியத்தை ஒப்பித்தாள். டீச்சருக்குப் பூங்கொத்து கொடுத்தார்கள். அவர் சுருக்கமாக நன்றி சொன்னார். "இனிமே உங்க இடம் அங்கதான்" என்று ஃபாதர் பாடகர் குழுவின் பக்கம் கை காட்டினார். டீச்சர் பூங்கொத்தோடு வந்து பியானோவின் அருகில் நின்றார். ஊசியக்கா ஸ்டூலுக்குத் திரும்பியிருந்தாள். ஃபாதர் அறிவிப்புகளை வாசிக்க ஆரம்பித்தார். பிரசங்கத்தைவிட அவருக்கு அறிவிப்பில்தான் உற்சாகம் அதிகம், சீக்கிரத்தில் முடிக்கமாட்டார்.

வெண்கலம் முந்திக்கொண்டாள். கண் சிவந்திருந்தது. கிசுகிசுப்பாகச் சொன்னாள். "டீச்சர், என்னாலதான் இன்னைக்கு எல்லாம் கெட்டுது. தொண்டை கட்டியிருக்கு. மனசுல வச்சுக்காதீங்க."

"எனக்கும் சளி டீச்சர்" என்றார் டெய்லர். "அதான் கீழ் சுருதி நிக்கல."

அவருக்குப் பக்கத்தில் நின்றவர் தனக்கு ராத்திரியெல்லாம் காய்ச்சல் என்றார். பின்வரிசையில் ஒருத்தி தனக்குத் தலைசுற்றல் என்றாள். ஆளாளுக்கு ஒரு வியாதியை எடுத்து நீட்டினார்கள். ஊசியக்கா ஸ்டூலில் இருந்தபடியே ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நேற்றுப் பயிற்சியில் இவர்கள் ஒருவருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை. அரைப்படிக்குச் சண்டை போடுகிற ஆட்கள் நேற்று வாயே திறக்கவில்லை. அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

"இவளுக்குத் தொண்டையில ஒண்ணும் இல்ல டீச்சர்" என்றாள். "இவங்க யாருக்கும் ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் கறுப்புக்கட்டை வாசிக்கத் தெரியாது. சி ஒண்ணுதான் தெரியும். மத்ததையெல்லாம் இத்தனை வருஷமா அந்தப் பொத்தான்தான் வாசிச்சுது."

டீச்சர் பதில் சொல்வதற்குள் அவள் குழுவின் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

டெய்லர் சங்கடமாகச் சட்டைக் காலரைச் சரிசெய்தார். "என்னக்கா இப்படிக் கேக்குறீங்க? நாங்க நிக்கிறது உங்களுக்குப் பின்னாடி. பாட்டுக்குப் பாட்டு உங்க கையைத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறோம். வேற எதைப் பாக்குறது?"

"அப்ப ஏன் ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா நீங்க வர்றதை நிறுத்திடுவீங்க" என்றாள் வெண்கலம். "உங்களை எனக்குத் தெரியாதா?"

பெரிய சாமர்த்தியமாக எல்லார் கண்ணிலும் மண்ணைத் தூவிவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டிருந்த காலம் முழுக்க, இவர்கள் அவளுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அவமானமாக இருந்தது. அந்த அவமானத்துக்கு நடுவில், இப்படியும் மனிதர்கள் தனக்கு வாய்த்தார்களே என்று நெஞ்சு விம்மியது. ஸ்டூலிலிருந்து எழுந்தாள்.

"நீங்க உக்காருங்க டீச்சர். இனிமே நீங்கதான் வாசிக்கணும்."

டீச்சர் உட்காரவில்லை. பூங்கொத்தைப் பியானோவின்மேல் வைத்தார். ரத்தம் எடுத்த அன்றைக்குப் போலவே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "நான் போற இடத்துல எல்லாம் யாராவது ஒருத்தர் எழுந்து போயிடுறாங்க" என்றார். "இங்கயாவது யாரும் எழுந்திருக்காதீங்க. உக்காருங்க அக்கா."

அவள் தயங்கி உட்கார்ந்தாள். ஃபாதர் அறிவிப்பில் இன்னும் தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்வதில்தான் இருந்தார்.

"கடைசிப் பாட்டு வழக்கமா எவ்வளவு?" என்று டீச்சர் கேட்டார்.

"மைனஸ் அஞ்சு" என்று குழு மொத்தமும் கிசுகிசுத்தது.

டீச்சர் விரல் விட்டு எண்ணினார். முகம் தெளிந்தது. "அப்படின்னா ஜி ஸ்கேல். அக்கா, வலது கையை மூணு வெள்ளைக்கட்டை கீழ தள்ளி வைங்க. இடது கையையும் அதே மாதிரி. இப்ப எப்பவும் வாசிக்கிற மாதிரியே வாசிங்க. ஒரே ஒரு இடத்துல மட்டும் வெள்ளை ஒத்துக்காது. அதுக்குப் பதிலா இந்தக் கறுப்பு. அது வர்றப்ப நீங்க விட்டுடுங்க, நான் அடிக்கிறேன்."

"இடது கையில வந்தா?"

"நடு விரலைத் தூக்கிடுங்க. யாருக்கும் தெரியாது."

"நிஜமா ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

ஒரு வாரமாக மூன்றோடும் நான்கோடும் மல்லுக்கட்டிவிட்டு வந்தவளுக்கு இது நம்பும்படியாக இல்லை. வரிசையில் கடைசியாக இருந்த அந்த ஒரு பாட்டை முதலில் தொட்டுப் பார்த்திருந்தால் இந்த ஞாயிறே வேறு மாதிரி போயிருக்கும். யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. ஃபாதர் ஆசீர் கொடுத்து முடித்து, "இறுதிப் பாடல்" என்றார்.

ஊசியக்கா கையைத் தள்ளி வைத்து ஆரம்பித்தாள். டீச்சர் அவளுக்கு வலப்பக்கம் நின்றுகொண்டு, ஒரு விரலைக் கறுப்புக்கட்டையின்மேல் வைத்து, மறு கையால் குழுவுக்குத் தாளம் காட்டினார். அந்த இடம் வந்தது. ஊசியக்கா விட்டாள், டீச்சர் அடித்தார். பாட்டு தடுக்கவில்லை. குழுவின் குரல் அதன் சொந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. வெண்கலம் முதல் அடியை மெல்லத் தொட்டுப் பார்த்துவிட்டு, இரண்டாம் அடியில் முழுக் குரலையும் திறந்தாள். காலையிலிருந்து அப்போதுதான் கோயில் நிறைந்த மாதிரி இருந்தது.

ஆனால் கேட்பதற்கு ஆள் குறைந்துகொண்டிருந்தது. இறுதிப் பாடல் என்றால் மக்களுக்கு வீட்டுக்குப் போகும் நேரம். குடையைத் தேடினார்கள், பிள்ளைகளை இழுத்தார்கள், வாசலில் நின்று பேசினார்கள். பியானோ மூலையில் நடந்துகொண்டிருப்பது ஒருவருக்கும் தெரியாது.

இரண்டாம் சரணத்தில் டெய்லரின் வரிசை வழக்கம்போலப் பின்தங்கியது. டீச்சர் அந்தப் பக்கம் திரும்பி, அவர்களை இழுத்துப் பிடிப்பதற்காக இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார். கறுப்புக்கட்டையின்மேல் யார் விரலும் இல்லை. ஊசியக்கா அந்த இடம் வருவதைப் பார்த்தாள். டீச்சர் திரும்பவில்லை. கூப்பிடவும் நேரமில்லை. அவளுடைய விரல் போய் அதை அழுத்தியது. கொஞ்சம் பிந்தித்தான் விழுந்தது, தேவைக்கு மேல் சத்தமாகவும் விழுந்தது, ஆனால் சரியான சத்தமாக விழுந்தது. டெய்லர் பாடிக்கொண்டே புருவத்தை உயர்த்தினார். டீச்சர் திரும்பிப் பார்த்தார். பிறகு மறுபடி ஆண்கள் வரிசையின் பக்கமே திரும்பிக்கொண்டார், கை இரண்டையும் இறக்கவில்லை.

மூன்றாம் சரணத்தில் அவளே அடித்தாள். ஃபாதர் உடை மாற்றும் அறைக்குள் போய்விட்டார். அத்தோடு பாட்டை முடித்துக்கொள்வதுதான் வழக்கம். கோயில்பிள்ளை வந்து ஒவ்வொரு மின்விசிறியாக நிறுத்திக்கொண்டிருந்தார், பெஞ்சுகள் எல்லாம் காலி. ஊசியக்கா முடிக்கவில்லை. முதல் சரணத்தை மறுபடி எடுத்தாள். ஏனென்று குழுவில் ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்தைத் திருப்பிக்கொண்டு, அவள் கையைப் பார்த்தபடி, முதலிலிருந்து பாடினார்கள்.